முன்னாள் படைவீரர் மறைந்தபின் அவர் மனைவிக்கு உரியதைப் பெறுவது எப்படி?

என் அப்பா தரைப்படையில் 22 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். அவர் மறைந்தபின் அம்மாவின் வங்கிக் கணக்கில் முதல் குடும்ப ஓய்வூதியம் வந்து சேர 11 மாதங்கள் ஆயின. அவற்றில் 7 மாதங்கள், பழைய ஆவணத்தில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் மட்டுமே வீணாயின. இடையே டிசம்பர் 7 அன்று கொடிநாள் விழாவுக்கு அம்மாவை அழைத்து, முன்வரிசையில் அமர வைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். நாங்கள் வீடு திரும்பியபோது, பெயர் பொருந்தவில்லை என்ற குறிப்போடு விண்ணப்பம் தபாலில் திரும்பி வந்து கிடந்தது. பொன்னாடையை நான் குறை சொல்லவில்லை. அம்மா அதை இன்றும் மடித்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அன்று அவருக்கு வேண்டியிருந்தது, பதிவேட்டில் தன் பெயர் சரியாக இருப்பது.

இந்த வழிகாட்டி, தமிழ்நாட்டில் வசிக்கும், தரைப்படையில் சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. (நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர்) வரையிலான பதவிகளில் இருந்து ஓய்வுபெற்று, பின்னர் மறைந்தவர்களின் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. பணியில் இருக்கும்போது உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு அவர்களுடைய யூனிட்டே பெரும்பாலான தாள்களைத் தயார் செய்து கொடுக்கும்; அவர்களுக்கான குடும்ப ஓய்வூதிய விகிதமும் வேறு. பணியே காரணமான இறப்பு என்றால் கடைசி ஊதியத்தில் 60 விழுக்காடும், போர் நடவடிக்கையில் நேர்ந்த இறப்பு என்றால் முழு 100 விழுக்காடும் கிடைக்கும். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இறந்தவரின் குடும்பத்துக்குத்தான் வாசலில் வந்து வழிகாட்ட யாரும் இருப்பதில்லை.

1. அவர் இருக்கும்போதே டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

உங்கள் வீட்டு முன்னாள் படைவீரர் நலமாக இருக்கிறார் என்றால், இந்தக் கட்டுரையில் நீங்கள் செய்ய வேண்டியது இந்த ஒரு படி மட்டுமே. எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதப்பட்ட கருப்பு டிரங்குப் பெட்டி பெரும்பாலான வீடுகளில் பரணில் கிடக்கும். அதை இறக்கி, படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கையும், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையையும், பிற்பாடு வந்த திருத்த ஆணைகள் இருந்தால் அவற்றையும் எடுத்து, மனைவியின் ஆதார் அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மனைவியின் பெயர். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கோ வடக்கே ஒரு முகாமில், தமிழே அறியாத ஓர் எழுத்தர், சிப்பாய் வாயால் சொன்னதைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்த பெயர் அது. ‘அழகம்மாள்’ என்பவர் ‘அலகம்மா’ ஆகியிருப்பார். ‘முத்துலட்சுமி’ என்பவர் ‘மோட்டு லக்ஷ்மி’ ஆகியிருப்பார். ஒரே பெயர் இரண்டாக உடைந்து, பின்பாதி குடும்பப் பெயர் போல உட்கார்ந்திருக்கும். அடுத்து அவருடைய பிறந்த தேதி. பழைய ஆணைகள் பலவற்றில் அது எழுதப்பட்டே இருக்காது. வயதான பெண்கள் பலரின் ஆதாரிலோ ஆண்டு மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று இருக்கும். இந்தத் தேதி ஏன் முக்கியம் என்பதை 7ஆம் படியில் விளக்குகிறேன்.

மனைவியின் பெயரே ஆணையில் இல்லை என்றால், அதாவது திருமணம் ஓய்வுக்குப் பின் நடந்திருந்தாலோ, பணியில் இருந்தபோது நடந்த திருமணம் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதிவு செய்யும் யூனிட் ஆணை) பதிவாகாமல் போயிருந்தாலோ, கணவர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் சில மாதங்களில் முடியும் வேலை, அவர் மறைந்தபின் திருமணத்தையே நிரூபிக்கும் வேலையாக மாறிவிடும். மனவளர்ச்சி குன்றிய அல்லது உடல் ஊனமுற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரையும் பெற்றோர் இருக்கும்போதே ஓய்வூதியப் பதிவில் சேர்த்துவிடுங்கள். நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு.

ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு, மனைவியுடன் சேர்ந்த ஜாயின்ட் கணக்காக இருக்கட்டும். ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தில் பதிவான கைபேசி எண் யாருடையது என்பதையும் பார்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது அப்பாவின் எண். அவர் மறைந்த மறுமாதம், இனி எதற்கு என்று தம்பி ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டான். பின்னர் ஓ.டி.பி. வேண்டியபோது அந்த எண்ணை உயிர்ப்பிக்கப் பட்ட பாடு தனிக்கதை.

2. முதல் மூன்று நாட்கள்

இறுதிச் சடங்கு முடியும் வரை யாரையும் தாள்களின் பின்னால் ஓடச் சொல்ல மாட்டேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு.

முதலாவது, ஏ.டி.எம். அட்டை. ஓய்வூதியம், இறந்த நாள் வரைக்கும்தான் அவருக்கு உரியது. மறுநாள் முதல் குடும்ப ஓய்வூதியம் தொடங்குகிறது. இறப்பு பதிவாகாத வரை பழைய தொகையே மாதந்தோறும் வந்து விழுந்துகொண்டிருக்கும். அம்மாவின் செலவுக்குத்தானே என்று அதை எடுத்துவிட்டால், கூடுதலாகப் போன தொகையைப் பின்னர் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் எட்டு மாதம் இப்படி எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தவணையில் திருப்பிக் கட்டியது.

இரண்டாவது, தேசியக் கொடி. நாட்டுக்காக உழைத்தவர் என்ற உணர்வில் உறவினர்கள் கடையில் கொடி வாங்கி வந்து உடல்மீது போர்த்திவிடுகிறார்கள். அரசு மரியாதையுடனோ படை மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடியைப் போர்த்தலாம். தனியார் சடங்கில் போர்த்துவதைக் கொடி விதிமுறை தடுக்கிறது, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றமும்கூட. முறையான மரியாதை வேண்டும் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஊரில் உள்ள முன்னாள் படைவீரர் சங்கத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். சங்கத்தார் மலர் வளையத்தோடு வந்து, வரிசையில் நின்று, சல்யூட் அடித்து அனுப்பி வைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் மூத்தவருக்கு எண்பது வயதிருக்கும். பெரே தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியை மருமகனிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். இதற்குச் செலவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. இறுதிச் சடங்குக்கான உதவித் தொகை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அந்த அலுவலகத்திலேயே அப்போதே கேட்டுவிடுங்கள்.

3. இறப்புச் சான்று: 21 நாட்களுக்குள்

மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடமும் நீங்களே தெரிவிக்க வேண்டும். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு. ஓராண்டைத் தாண்டினால் மேலதிகாரியின் ஆணை இல்லாமல் பதிவே நடக்காது.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. பதிவாளர் ஆதாரைப் பார்த்துப் பெயரை எழுதுவார். ஓய்வூதிய அலுவலகமோ பி.பி.ஓ.வில் உள்ள பெயரைத் தேடும். நம் ஊர் முன்னெழுத்து வழக்கம் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடுகிறது. படையில் ‘சுப்பையா எம்’ என்று இருந்தவர், ஆதாரில் ‘முத்தையா சுப்பையா’ ஆகியிருப்பார். பதிவு செய்யும் நாளிலேயே பி.பி.ஓ. நகலைக் கையில் கொண்டு போய், இரண்டு பெயர்களும் ஒத்துப்போகும்படி எழுத முடியுமா என்று கேளுங்கள். சான்றில் ஏறிய பெயரைப் பிற்பாடு திருத்துவது மிகவும் கடினம். இறந்தவரின் தந்தை பெயர், மனைவி பெயர், முகவரி ஆகியவற்றையும் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்.

சான்று கையில் வந்ததும் குறைந்தது 15 நகல்கள் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள். நான் ஐந்தே எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஜெராக்ஸ் கடைக்கும் சான்றொப்பம் இடும் அதிகாரியின் வாசலுக்கும் அலைந்தேன்.

4. இறப்பைத் தெரிவித்துக் குடும்ப ஓய்வூதியம் கோருதல்

பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் இப்போது பெரும்பாலும் ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழியாகவே வழங்கப்படுகிறது; அதை நடத்துவது பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்குத் தலைமை அலுவலகம். இறப்பை அந்தத் தளத்திலேயே தெரிவிக்கலாம். கணினி பழக்கம் இல்லாதவர்கள் ஸ்பர்ஷ் சேவை மையங்களுக்குச் செல்லலாம். குறிப்பிட்ட வங்கிக் கிளைகளும், பொதுச் சேவை மையங்களும், பாதுகாப்பு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகங்களும் இப்பணியைச் செய்கின்றன. உங்கள் ஊர்க் கிளையில் இந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ‘ஸ்பர்ஷா, அது என்ன?’ என்று என்னிடமே திருப்பிக் கேட்ட கவுன்டர்களும் உண்டு.

கையில் இருக்க வேண்டியவை இவை: இறப்புச் சான்று, பழைய பி.பி.ஓ.வும் ஸ்பர்ஷ் வந்தபின் கிடைத்த புதிய எண் கொண்ட பி.பி.ஓ.வும், டிஸ்சார்ஜ் புக், கணவருடைய ஆதாரும் பான் அட்டையும், மனைவியின் ஆதாரும் பான் அட்டையும், மனைவியின் பெயர் உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அவருடைய பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த ஜாயின்ட் போட்டோ இருந்தால் அது. அம்மாவுக்குப் பான் அட்டையே இல்லை. அதற்கு விண்ணப்பித்து வாங்கவே மூன்று வாரம் போயிற்று. ஆதாருடன் அவருடைய சொந்தக் கைபேசி எண்ணை இணைப்பதையும் இந்த இடைவெளியில் முடித்துவிடுங்கள்.

தளத்தில் தெரிவித்ததோடு நின்றுவிடாமல், அதே நாளில் அவருடைய பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் இறப்புச் சான்று நகலோடு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பது டிஸ்சார்ஜ் புக்கிலேயே முத்திரையாக இருக்கும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மதராஸ் என்ஜினீயர் குழுமத்துக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர், ஈ.எம்.இ. எனப்படும் மின்-இயந்திரப் பொறியாளர் பிரிவுக்குச் செகந்திராபாத். கடைசியில் டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவல் படையில் சேர்ந்து ஓய்வுபெற்றவர் என்றால் கண்ணூருக்கும் எழுத வேண்டும். கடிதத்தில் படை எண், பதவி, பெயர், பி.பி.ஓ. எண் ஆகிய நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். ஜே.சி.ஓ.வாகப் பதவி உயர்ந்தவருக்கு எண்ணே மாறியிருக்கும்; சிப்பாயாக இருந்த காலத்து எண், ஜே.சி. எண் இரண்டையும் எழுதுங்கள். தமிழில் எழுதினால் படிக்க ஆள் இருக்க மாட்டார்கள். மாவட்ட நல அலுவலகத்தில் உள்ள நல அமைப்பாளர் ஆங்கிலத்தில் எழுத உதவுவார். அவர்களில் பலர் தாங்களே படையில் இருந்தவர்கள் என்பதால், டிஸ்சார்ஜ் புக்கை ஒருமுறை புரட்டியதும் எங்கே இடிக்கும் என்று சொல்லிவிடுவார்கள். முதல் வாரமே அங்கே போயிருக்க வேண்டும் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எல்லாம் பொருந்தினால் ஓரிரு மாதங்களில் தொகை வரத் தொடங்கும். எங்கள் தெருவிலேயே ஓர் அம்மாவுக்கு ஆறு வாரத்தில் வந்துவிட்டது. பொருந்தாவிட்டால் அடுத்த படி.

5. பெயர் பொருந்தாவிட்டால்

முதலில், எது எதோடு பொருந்தவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குத் தொலைபேசியில் ஒருவர் ‘ஆதாரைத் திருத்துங்கள்’ என்றார். கவுன்டரில் இன்னொருவர் ‘பி.பி.ஓ.வைத் திருத்துங்கள்’ என்றார். முன்னவர் பேச்சைக் கேட்டு ஆதாரைத் திருத்தியிருந்தால், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை என்று அம்மாவின் மற்ற எல்லா ஆவணங்களும் பிழையாகியிருக்கும். அழகம்மாளாக எழுபது ஆண்டு வாழ்ந்தவரை, ஒரு தட்டச்சுப் பிழைக்காக அலகம்மாவாக மாற்றாதீர்கள். திருத்த வேண்டியது படையின் பதிவைத்தான்.

அதற்கு நாங்கள் கொடுக்க வேண்டியிருந்தவை: இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் அம்மா அளித்து நோட்டரி ஒப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், என் பள்ளிச் சான்றில் தாய் பெயர் உள்ள பக்கம், மாவட்ட நல அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம். பெயரே வேறாக இருக்கும் நேர்வுகளில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் அளித்த உறுதிமொழியையும், நாளிதழ் விளம்பரத்தையும் கேட்பதுண்டு. விளம்பரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், கேட்காமல் கொடுக்காதீர்கள்; எழுத்தில் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

உறுதிமொழிப் பத்திரத்தை எழுதும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. எங்கள் முதல் பத்திரத்தில் நோட்டரி அலுவலகத் தட்டச்சர், ‘பெயரை மாற்றிக்கொண்டேன்’ என்ற பொருள்படும் வழக்கமான படிவத்தையே அடித்துக் கொடுத்துவிட்டார். அம்மா பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை, பதிவில்தான் பிழை. ஆனால் பெயர் மாற்றம் என்றால் அரசிதழ் அறிவிப்பு எங்கே என்ற கேள்வி வந்து, மேலும் ஒன்றரை மாதம் போயிற்று. ‘பதிவில் பிழையாக எழுதப்பட்டுள்ளது, இரு பெயர்களும் என்னையே குறிக்கும்’ என்ற பொருளில் மட்டும் வாசகம் இருக்கட்டும்.

ரெக்கார்ட் ஆபீஸ் தன் பதிவைத் திருத்தியபின், அதன் அடிப்படையில் திருத்த பி.பி.ஓ. பிறக்கும். கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அந்த மனு அம்மாவின் பெயரில், அவர் கையெழுத்தோடு போக வேண்டும். மகனாகிய நான் என் பெயரில் போட்ட மனு, மூன்றாம் நபர் தகவல் என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. அம்மா கையெழுத்திட்டு அனுப்பியதற்கு, 26ஆம் நாள் அப்பாவின் குடும்ப விவரப் பதிவின் நகலே வந்து சேர்ந்தது. அதில் என் பெயரும் பிழையாகத்தான் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

6. வாரிசுச் சான்று எப்போது தேவை?

பலர் வாரிசுச் சான்று வந்தபின்தான் எல்லாம் என்று இரண்டு மூன்று மாதம் காத்திருக்கிறார்கள். மனைவியின் பெயர் ஓய்வூதிய ஆணையில் சரியாக இருந்தால், குடும்ப ஓய்வூதியத்துக்கு அது தேவைப்படாது. இறந்த நாள் வரை சேர வேண்டிய நிலுவைத் தொகைக்கு வாரிசுதாரர் நியமனம் இல்லாதபோதும், வங்கி வைப்புத் தொகை, நிலம் போன்றவற்றுக்கும்தான் தேவைப்படும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் செலுத்தி விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் வழங்குவார். அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஓய்வூதியக் கோரிக்கையை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

7. வந்த தொகை சரியா என்று கணக்கிடுங்கள்

முதல் தொகை வந்ததும் நிம்மதியில் இந்தப் படியைத் தவறவிடுகிறோம். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. ஆனால் ஓய்வூதியர் இறந்தால், தொடக்கத்தில் 50 விழுக்காடு என்ற உயர்விகிதம் உண்டு. இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை. 58 வயதில் இறந்தவரின் மனைவிக்கு முழு 7 ஆண்டுகள் கிடைக்கும். 62 வயதில் இறந்தவரின் மனைவிக்கு 5 ஆண்டுகள். 70 வயதில் இறந்தவரின் மனைவிக்கு முதல் நாளிலிருந்தே 30 விழுக்காடுதான். உயர்விகிதம் கணவர் பெற்ற ஓய்வூதியத்தை மிஞ்சாது. எந்த விகிதமானாலும் அடிப்படைத் தொகை மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதன்மேல் அகவிலை நிவாரணம் தனி.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின்படி 2014 ஜூலை 1 முதல் செய்யப்பட்ட நிர்ணயமும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்த மறுநிர்ணயமும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் பொருந்தும். பதவி, ஊதியக் குரூப், பணியாண்டு ஆகிய மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும் என்பதால், இந்த மூன்றும் ஸ்பர்ஷில் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். கணவர் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கியிருந்தாலும், அந்தப் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தில் தொடரக் கூடாது.

80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 விழுக்காடு கூடும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, 100 வயதுக்கு 100 விழுக்காடு. இது மனைவியின் வயதை வைத்துக் கணக்கிடப்படுவது. அவருடைய பிறந்த தேதி பதிவில் இல்லை என்றால், 80 வயது ஆனதே கணினிக்குத் தெரியாது. முதல் படியில் அந்தத் தேதியை அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான்.

படையிலிருந்து வந்தபின் மாநில அரசிலோ, பொதுத்துறையிலோ, டி.எஸ்.சி.யிலோ பணியாற்றி அங்கும் ஓய்வூதியம் பெற்றவர் என்றால், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012 செப்டம்பர் 24 முதல் இரட்டைக் குடும்ப ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டுள்ளது. பழைய விதியை மட்டும் அறிந்தவர்கள் இன்னும் கவுன்டர்களில் இருக்கிறார்கள்.

இவை தவிர, ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியின் நீட்டிப்புக் காப்பீட்டுப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் குறித்த வயதுக்குள் இறந்திருந்தால் காப்பீட்டுத் தொகை உண்டு. இறப்பு விபத்தால் நேர்ந்தது என்றால், ஓய்வூதியக் கணக்கோடு இணைந்த விபத்துக் காப்பீடு ஏதும் உண்டா என்று வங்கியில் உடனே எழுத்தில் கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. வங்கி தானாகச் சொல்வதில்லை.

8. அடையாள அட்டையும் மருத்துவ அட்டையும்

கணவரின் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை மாவட்ட நல அலுவலகத்தில் ஒப்படைத்து, மனைவிக்கான அட்டையைப் பெற வேண்டும். ஒப்படைக்குமுன் இருபுறமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கேன்டீன் அட்டைக்கு இந்த அட்டை வந்தபின் தனியாக விண்ணப்பிக்கலாம்.

ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் கணவர் உறுப்பினராக இருந்தால், முதன்மை உறுப்பினர் பெயரை மனைவிக்கு மாற்ற இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் சேராமலே மறைந்திருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவி சேரலாம். ஒருமுறை செலுத்தும் சந்தா, ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000 ரூபாய். 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களின் குடும்பத்துக்குச் சந்தா இல்லை. இத்திட்டத்தின் மருத்துவ மையமான பாலிகிளினிக்கில் பரிந்துரைச் சீட்டு வாங்கிய பிறகே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் நேராகப் போகலாம். அங்கீகாரம் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தெரிவித்தால்தான் பின்னர் பணம் கோர முடியும். இந்த 48 மணி நேரத்தை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

9. காலக்கெடு உள்ள உதவித் தொகைகள்

மத்திய படைவீரர் வாரியத்தின் உதவிகளுக்கு அதன் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட நல அலுவலகம் சரிபார்த்துப் பரிந்துரைக்கும். ஹவில்தார் வரையிலான பதவியினரின் குடும்பங்களுக்கு உரியவை இவை. 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்குத் தொகைகள் இரட்டிப்பாக்கப்பட்டுள்ளன. ஓய்வூதியமே இல்லாத 65 வயது கடந்தோருக்கு மாதம் 8,000 ரூபாய். பிள்ளைகள் இருவர் வரை பட்டப்படிப்பு வரைக்கும் ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய். மகள் திருமணத்துக்கு 1,00,000 ரூபாய். திருமண உதவிக்குத் திருமணம் நடந்த 180 நாட்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். என் தங்கையின் திருமணத்துக்கு நான் போய்க் கேட்டது ஏழாவது மாதம்.

பிரதமர் கல்வி உதவித் தொகை தனி. தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் ஆண்களுக்கு 2,500 ரூபாயும் கிடைக்கும். பிளஸ் டூவில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்.

10. ஆண்டுதோறும்

என் கணக்குப்படி, நோட்டரி, முத்திரைத்தாள், தபால், ஜெராக்ஸ், பேருந்து எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு நாலாயிரத்தைத் தாண்டவில்லை. ‘பிரயாக்ராஜில் ஆள் இருக்கிறார்’ என்று முப்பதாயிரம் கேட்டு ஒருவர் வீட்டுக்கே வந்தார். அப்படி வருபவர்களிடம் டிஸ்சார்ஜ் புக்கின் மூலப் பிரதியை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். ஸ்பர்ஷிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் அழைப்புகளும் இப்போது பெருகியிருக்கின்றன. விண்ணப்பம் அசையாமல் நின்றால், ஸ்பர்ஷ் தளத்தின் குறைதீர்ப் பகுதியிலும், மத்திய அரசின் ஓய்வூதியக் குறைதீர்த் தளத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்காக நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். மூன்றிலும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியம் வரத் தொடங்கியபின் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று தர வேண்டும். தவறினால் தொகை நின்றுவிடும். மின்னணு வாழ்நாள் சான்றில் ஓய்வூதியம் வழங்கும் முகமையாகப் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சான்று வேறெங்கோ போய்ச் சேரும். ஸ்பர்ஷ் என்று உள்ளதையே தேர்ந்தெடுங்கள். வயல் வேலையும் பாத்திரம் துலக்குவதுமாகத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. அம்மாவுக்கு மூன்று மையங்களில் விழவில்லை. கைபேசியில் முகத்தைக் காட்டிச் சான்று அளிக்கும் செயலி இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் படும்படி வாசல் திண்ணையில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, திரையில் அறிவிப்பு வந்ததும் கண்ணை ஒருமுறை மெதுவாகச் சிமிட்டச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரண்டாவது முறையில் பதிவாகிவிட்டது.